பீரியட்ஸ் நின்னு 7 வருஷம் ஆன அம்மாவுக்கு திரும்ப ப்ளீடிங், "ஈஸ்ட்ரோஜன் அதிகம்"னு சொல்றாங்க, அது எப்படி?

நெல்லைக்காரி86:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பதட்டத்துல டைப் பண்றேன், தப்பு இருந்தா கண்டுக்காதீங்க. அம்மாவுக்கு வயசு 59. மாதவிடாய் நின்னு 7 வருஷம் ஆச்சு. போன மாசம் துணி ஊற வைக்கும்போது நான்தான் பாத்தேன், உள்பாவாடைல பழுப்பு கலர்ல கறை. கேட்டா "சூட்டுக்கு பட்டிருக்கும்டி, விடு"ன்னுட்டாங்க. தோண்டித் துருவி கேட்டப்புறம்தான் தீபாவளிக்கு முன்னாடியும் ஒரு தடவை இப்படி ஆச்சு, யார்கிட்டயும் சொல்லலைன்னு வருது. பக்கத்துல இருக்குற டாக்டர் ரத்தம் நிக்க மட்டும் மாத்திரை எழுதிக் குடுத்தார், நின்னுடுச்சு, அம்மா அதோட விட்டுட்டாங்க. எனக்கு மனசு கேக்காம ஒரு லேடி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், டிவிஎஸ் ஸ்கேன்ல (உள்வழியா எடுக்குற ஸ்கேன்) எண்டோமெட்ரியம், அதாவது கர்ப்பப்பையோட உள் லைனிங், 13 மி.மீ.ன்னு வந்திருக்கு, இந்த வயசுல 4க்குள்ள இருக்கணுமாம், உடனே பயாப்சி எடுக்கணும்னு சொல்லிட்டாங்க. கூட்டத்துல ரெண்டே நிமிஷம்தான் பேசினாங்க, "ஈஸ்ட்ரோஜன் தூண்டுதல் அதிகமா இருந்திருக்கு, அதான் லைனிங் தடிச்சிருக்கு, கேன்சர் இல்லைன்னு உறுதி பண்ணணும்"னு.

எனக்கு புரியாததே இதுதான். மாதவிடாய் நின்னா ஈஸ்ட்ரோஜன் குறைஞ்சிடும்னுதானே சொல்றாங்க, எலும்பு தேய்மானத்துக்கும் உடம்பு எரிச்சலுக்கும் அதைத்தானே காரணம் காட்டுறாங்க, இப்ப அதே ஈஸ்ட்ரோஜன் அதிகமாயிடுச்சுன்னா அது எங்க இருந்து வந்துச்சு? அம்மா ஹார்மோன் மாத்திரைன்னு எதுவுமே எடுத்ததில்ல, சுகருக்கும் பிரஷருக்கும் மட்டும்தான். 5 அடி உயரம், 84 கிலோ. 2 வருஷம் முன்னாடி ஒரு கேம்ப்ல பாப் ஸ்மியர் எடுத்தோம், நார்மல்னு கார்டுல எழுதியே குடுத்திருக்காங்க. அப்புறமும் எப்படி கேன்சர் சந்தேகம் வரும்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், கூகுள் பண்ணி பண்ணி தூக்கமே போச்சு.

ஸ்லைடு_ராணி:

தங்கச்சி, முதல்ல கூகுளை மூடுங்க. நான் பேத்தாலஜி, சென்னைல ஒரு லேப்ல பயாப்சி துண்டு வந்தா ஸ்லைடு பாத்து ரிப்போர்ட் எழுதுறவ. ட்ரீட்மெண்ட் பண்றவ இல்ல, அதனால மருந்து விஷயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் ஃபைனல்.

பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாய்ல சுரண்டி எடுக்குறது, ஹெச்பிவி வைரஸால வர்ற கேன்சருக்கான டெஸ்ட். உங்க அம்மாவுக்கு இப்ப பாக்க வேண்டியது கர்ப்பப்பைக்கு உள்ள இருக்குற லைனிங்கை. ரெண்டும் வேற வேற நோய், வேற வேற காரணம். அதனால அந்த நார்மல் கார்டை வச்சுக்கிட்டு தைரியமாவும் இருக்க முடியாது, "அப்ப தப்பா பாத்துட்டாங்களோ"ன்னு கோவப்படவும் வேண்டாம்.

இப்ப உங்க கேள்வி. நல்ல கேள்வி, நிறைய பேர் கேக்காமலே விட்டுடுறாங்க. சினைப்பை வேலைய நிறுத்தினாலும் சிறுநீரகத்துக்கு மேல இருக்குற அட்ரீனல் சுரப்பி ஆண்ட்ரோஸ்டென்டையோன்னு ஒரு ஹார்மோனை விட்டுக்கிட்டேதான் இருக்கு. நம்ம உடம்புக் கொழுப்புல அரோமட்டேஸ்னு ஒரு என்சைம் இருக்கு, அது இதைப் பிடிச்சு ஈஸ்ட்ரோனா மாத்திடும், ஈஸ்ட்ரோன்ங்கிறது ஈஸ்ட்ரோஜன்ல ஒரு வகை. கொழுப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஈஸ்ட்ரோன். போதாததுக்கு உடம்பு பெருத்து இன்சுலின் ஏறிக் கிடந்தா, ரத்தத்துல ஹார்மோனை கட்டி வைக்கிற ஒரு புரதம் குறைஞ்சிடும், அதனால கட்டில்லாம திரியுற ஈஸ்ட்ரோஜன் இன்னும் கூடும். இன்சுலினும் தன் பங்குக்கு அந்த செல்லுங்கள வளரச் சொல்லும். உங்க அம்மாவுக்கு எடையும் இருக்கு, சுகரும் இருக்கு, கணக்கு சரியாத்தான் வருது. மாத்திரையே தேவையில்ல.

ஆனா "அதிகம்"னு சொன்னதை அப்படியே எடுத்துக்காதீங்க. 30 வயசுல அம்மா உடம்புல ஓடின ஈஸ்ட்ரோஜனோட ஒப்பிட்டா இப்ப இருக்குறது கம்மிதான், அதான் எலும்பும் தேயுது. விஷயம் என்னன்னா அப்ப ஒவ்வொரு மாசமும் முட்டை வெளியானப்புறம் ப்ரொஜெஸ்ட்ரோன்னு இன்னொன்னு வரும். ஈஸ்ட்ரோஜன் லைனிங்கை வளத்துவிடும், ப்ரொஜெஸ்ட்ரோன் வந்து வளந்தது போதும்னு நிறுத்தி, செல்லை முதிர வைக்கும், அப்புறம் ப்ரொஜெஸ்ட்ரோன் இறங்கினதும் மொத்தமும் உதிர்ந்து பீரியட்ஸா வெளிய வந்துடும். மாதவிடாய் நின்னப்புறம் முட்டை இல்ல, ப்ரொஜெஸ்ட்ரோனும் இல்ல. உரம் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா விழுந்துகிட்டே இருக்கு, அறுப்புக்கு ஆளே வராத வயல் மாதிரி. வருஷக்கணக்கா இப்படியே போனா செல் பிரிஞ்சுகிட்டே இருக்கும், பிரியும்போதெல்லாம் மரபணுவ காப்பி எடுக்கணும், அதுல ஒரு பிழை விழுந்து பிடென் (PTEN)னு ஒரு காவல் ஜீன் கெட்டுப் போனா அங்கதான் வம்பு ஆரம்பிக்கும்.

நான் மைக்ராஸ்கோப்ல பாக்குறத சொல்றேன், ஏன்னா ரிப்போர்ட்ல வர்ற வார்த்தைங்க அப்ப புரியும். மாதவிடாய் நின்ன ஆளோட லைனிங் சாதாரணமா வந்தா ஸ்லைடுல ஒண்ணுமே இருக்காது, அங்கங்க சின்னச் சின்ன குழாய் மாதிரி சுரப்பி, அவ்வளவுதான், போதுமான திசு இல்லைன்னு எழுத வேண்டி வரும். ஈஸ்ட்ரோஜன் தனியா வேலை பாத்த லைனிங் வந்தா டப்பாவத் திறக்கும்போதே தெரியும், நிறைய துண்டு கொழகொழன்னு இருக்கும். ஸ்லைடுல சுரப்பிங்க நெருக்கமா, ஒண்ணு பெருசு ஒண்ணு சிறுசு, சிலது பலூன் மாதிரி உப்பி, சிலது கிளை விட்டு. இதுதான் ஹைப்பர்ப்ளேசியா. இதுல செல்லோட உட்கரு நல்ல பிள்ளையா இருந்தா "அட்டிபியா இல்லை". உட்கரு பெருத்து, உருண்டு, நடுவுல புள்ளி பளிச்சுன்னு தெரிஞ்சா "அட்டிபியா உண்டு". சுரப்பிக்கும் சுரப்பிக்கும் நடுவுல திசுவே இல்லாம முதுகோட முதுகு ஒட்டிக்கிட்டு நின்னா, அது எண்டோமெட்ரியாய்டு கேன்சர். கர்ப்பப்பை லைனிங் கேன்சர்ல பெரும்பாலானது இந்த வகைதான், ஈஸ்ட்ரோஜனோட தொடர்பு உள்ளதும் இதுதான். சீரஸ்னு இன்னொரு வகை இருக்கு, அது ஈஸ்ட்ரோஜனை கண்டுக்காது, ஒல்லியான ஆளுக்கும் வரும், கொஞ்சம் மோசமானது. அதனாலதான் எடை இல்லாதவங்களுக்கு ப்ளீடிங் வந்தாலும் சும்மா விடக் கூடாதுன்னு சொல்றது.

பயப்படுறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு. மாதவிடாய் நின்னப்புறம் ரத்தம் பட்ட 100 பேரை எடுத்தா சுமாரா 9 பேருக்குத்தான் கேன்சர். மத்தவங்களுக்கு லைனிங் வறண்டு போனது, பாலிப்னு சின்ன சதை வளர்ச்சி, ஹைப்பர்ப்ளேசியா இப்படி ஏதாவது. ஆனா திருப்பிப் பாத்தா, இந்த கேன்சர் வந்தவங்கள்ல 100க்கு 90 பேருக்கு ப்ளீடிங்கா அது வெளிய தெரிஞ்சிருக்கு. அதாவது உடம்பு முன்கூட்டியே சத்தம் போட்டு சொல்ற ஒரு சில கேன்சர்ல இது ஒண்ணு. கர்ப்பப்பைக்குள்ளயே இருக்கும்போது பிடிச்சா 100க்கு 95 பேர் வரைக்கும் 5 வருஷம் தாண்டுறாங்க. ரத்தம் நிக்க மாத்திரை குடுத்து அனுப்புறது அந்த சத்தத்தை அமுக்குற வேலை, உங்களுக்கு மனசு கேக்காம போனது நல்லதா போச்சு.

கொங்கு_தமிழன்:

எல்லாத்துக்கும் காரணம் பிராய்லர் கோழிங்க. ஹார்மோன் ஊசி போட்டு 40 நாள்ல 2 கிலோ ஆக்கறாங்க, அதைத் தின்னுட்டு சின்னப் புள்ளைங்க 9 வயசுல சமையுது, பெரியவங்களுக்கு கர்ப்பப்பை கேன்சர் வருது. நம்ம பாட்டிங்க காலத்துல இந்த நோயெல்லாம் இருந்துச்சா? நாட்டுக்கோழிக்கு மாறுங்க, எள்ளுருண்டை சாப்புடுங்க, பயாப்சி கியாப்சின்னு கத்தி வச்சா பரவிடும்.

பல்லடம்_பண்ணை:

கொங்கு அண்ணா, நானும் உங்க ஊர்ப்பக்கந்தானுங்க, பிராய்லர் ஷெட்டு வச்சிருக்கேன். குஞ்சு கம்பெனிது, தீவனம் கம்பெனிது, நமக்கு வளத்துற கூலி மட்டும். ஒரு ஷெட்டுல 5,000 உருப்படி, ஒவ்வொண்ணா புடிச்சு யாருங்க ஊசி போடறது, அந்த கூலிக்கு என் சட்டைய வித்தாலும் கட்டாதுங்க. வேகமா வளர்றதுக்கு காரணம் ரகம், அப்புறம் தீவனம். கனடாவுல ஒரு யுனிவர்சிட்டில 1957ஆம் வருஷத்து ரகத்தையும் 2005 ரகத்தையும் ஒரே தீவனம் போட்டு பக்கத்துல பக்கத்துல வளத்துனாங்க, 56 நாள்ல பழைய ரகம் 905 கிராம், புது ரகம் 4.2 கிலோ. ஹார்மோன் எதுவும் குடுக்கல. கோழித் தொழில்ல கேள்வி கேக்கணும்னா ஆன்டிபயாடிக்க பத்தி கேளுங்க, அதுக்கு நாங்க பதில் சொல்லித்தான் ஆகணும். இந்தம்மா ஏற்கனவே பயந்து கெடக்குது, கத்தி வச்சா பரவும்னு சொல்லி பயாப்சிய தள்ளிப் போட வச்சுராதீங்க.

ஸ்லைடு_ராணி:

பல்லடத்தாருக்கு ஒரு கும்பிடு. பயாப்சிக்கு கத்தியே கிடையாது, மெல்லிசா ஸ்ட்ரா மாதிரி ஒரு குழாய் உள்ள விட்டு உறிஞ்சி எடுக்குறது, இல்லைன்னா ஹிஸ்டரோஸ்கோப்னு கேமரா வச்ச சின்ன குழாய் விட்டு கண்ணால பாத்து எடுப்பாங்க. எடுத்ததால பரவிச்சுன்னு நான் ஒரு கேஸ் பாத்ததில்ல, எடுக்காம வீட்டுல வச்சிருந்து முத்திப்போய் வந்த கேஸ் நிறைய பாத்திருக்கேன். எள்ளு, சோயா எல்லாம் தாராளமா சாப்பிடட்டும், அதுல இருக்குற தாவர ஈஸ்ட்ரோஜனால கேன்சர் வரும்னும் பயப்பட வேண்டாம், தடிச்ச லைனிங் கரையும்னும் நம்ப வேண்டாம். பாட்டி காலத்தை பத்தி ஒண்ணு: அந்தக் காலத்துல 8 பிள்ளை, ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு வருஷம் பால் குடுத்தாங்க. கர்ப்ப காலம் முழுக்க உடம்புல ப்ரொஜெஸ்ட்ரோன் கொட்டிக் கிடக்கும், லைனிங்குக்கு அது பாதுகாப்பு. அதோட பாட்டிங்க 84 கிலோவும் இல்ல.

சிங்காநல்லூர்_அக்கா:

எனக்கும் இதே ஈஸ்ட்ரோஜன் கதைதாங்க, ஆனா வேற வழியில. எனக்கு 4 வருஷம் முன்னாடி மார்புல கட்டி, ஆபரேஷன், கதிர்வீச்சு எல்லாம் முடிஞ்சு டமாக்ஸிஃபென் மாத்திரை ஆரம்பிச்சாங்க, 5 வருஷம் போடணும். ஈஸ்ட்ரோஜனை தடுக்கிற மாத்திரைன்னு சொல்லித்தான் குடுத்தாங்க. சரி, ஈஸ்ட்ரோஜனைத் தடுத்தா கர்ப்பப்பைக்கும் நல்லதுதானேன்னு நெனச்சுட்டிருந்தேன். சும்மா ஒரு வயித்து வலிக்கு ஸ்கேன் எடுக்கப் போனா லைனிங் 12ன்னு எழுதிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

அப்புறம் ஆன்காலஜிஸ்ட் ஒக்கார வச்சு சொன்னாருங்க, அந்த மாத்திரை மார்புல போய் ஈஸ்ட்ரோஜனை உள்ள விடாம கதவ அடைச்சுக்குது, அதே மாத்திரை கர்ப்பப்பைல போய் தானே ஈஸ்ட்ரோஜன் மாதிரி நடந்துக்குது. ஒரே மாத்திரை, இடத்துக்கு ஒரு குணம். 1998ல அமெரிக்காவுல வந்த பெரிய ஆராய்ச்சில, மருந்தே இல்லாத சும்மா மாத்திரை போட்டவங்கள்ல வருஷத்துக்கு 1000 பேர்ல ஒருத்தருக்கும் கம்மியா வந்த லைனிங் கேன்சர், டமாக்ஸிஃபென் போட்டவங்கள்ல 1000க்கு 2 பேர் சொச்சம்னு ஆயிருக்கு. ரெண்டரை மடங்குன்னா பயமா இருக்கு, 1000க்கு 2ன்னா அவ்வளவா பயமில்லீங்க, அதுவும் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் 50 தாண்டினவங்களுக்குத்தான். மார்புல திரும்ப வராம தடுக்கறதுல அந்த மாத்திரை தர்ற லாபம் இதைவிட எவ்வளவோ பெருசுன்னு சொன்னாரு.

இன்னொரு விஷயம், டமாக்ஸிஃபென் போடறவங்களுக்கு லைனிங்குக்கு அடியில இருக்கற திசுவும் ஊறி நிக்குமாம், ஸ்கேன்ல பாத்தா தடிமனாத்தான் தெரியும், அதனால ப்ளீடிங் இல்லாதவங்களுக்கு சும்மா சும்மா ஸ்கேன் எடுத்து பயந்துக்க வேண்டாம்னாரு. ஆனா ஒரு சொட்டு பட்டாலும், பழுப்பா, ரோஸ் கலர்ல எது வந்தாலும் அன்னைக்கே வரணும்னு கண்டிஷனா சொல்லிட்டாரு. எனக்கு ஒண்ணும் படல, அதனால நோண்டல. லெட்ரோசோல் மாதிரி இன்னொரு வகை மாத்திரை போடறவங்களுக்கு இந்தப் பிரச்சனை இல்லீங்க, அது அந்த அரோமட்டேஸையே நிறுத்திடுது, ராணி மேடம் சொன்ன அதே என்சைம். கண்ணு, அம்மாகிட்ட பக்குவமா பேசுங்க, இந்த வயசுல அங்க காட்டறதுக்கு கூச்சப்படுவாங்க.

ஸ்கார்பரோ_மருந்தகன்:

தங்கச்சி, நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில மருந்துக்கடையில வேலை. ராணி சொன்ன "ஈஸ்ட்ரோஜன் மட்டும், ப்ரொஜெஸ்ட்ரோன் இல்லை" எண்ட விஷயம் எப்பிடிப் பிடிபட்டது எண்டு கொஞ்சம் சொல்லுறன், ஏனெண்டா லட்சக்கணக்கான பொம்பிளையள் குளிசை குடிச்ச பிறகுதான் இது ஊருக்குத் தெரிய வந்தது.

1942இல அமெரிக்காவில ப்ரெமரின் எண்டொரு குளிசை வந்தது. சினைப்பட்ட குதிரையின்ர சலத்தில (மூத்திரத்தில) இருந்து எடுக்கிற ஈஸ்ட்ரோஜன். அந்தச் சலத்துக்காகக் குதிரை வளக்கிற பண்ணையள் இஞ்ச மனிடோபாப் பக்கம் கனக்க இருந்தது. 1960களில மாதவிடாய் நிக்கிறதே ஒரு வருத்தம் (நோய்), ஈஸ்ட்ரோஜன் குடிச்சா கடைசி வரைக்கும் இளமையா இருக்கலாம் எண்டு அங்கத்தைய டொக்டர்மார் சிலர் பெரிசாப் பரப்பிச்சினம், சனமும் நம்பிச்சுது. குடிச்சது ஈஸ்ட்ரோஜன் மட்டும், கர்ப்பப்பை இருக்கிறவையும் அதைத்தான் குடிச்சவை. 1975 டிசம்பரில நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின் ஒரே இதழில ரெண்டு ஆய்வைப் போட்டது. சியாட்டில் ஆக்கள் 317 கேன்சர்காரரை அதேயளவு வேற நோயாளியளோட ஒப்பிட்டுப் பாத்து, ஈஸ்ட்ரோஜன் குடிச்சவைக்கு லைனிங் கேன்சர் 4.5 மடங்கு எண்டு சொல்லிச்சினம். லொஸ் ஏஞ்சல்ஸ் ஆக்களுக்கு 7.6 மடங்கு வந்தது, 7 வருஷத்துக்கு மேல குடிச்சவைக்கு 13.9. அதோட விற்பனை விழுந்தது, ரெண்டு மூண்டு வருஷத்துக்குள்ள அந்த கேன்சரும் குறையத் தொடங்கிச்சுது. குளிசையை நிப்பாட்ட வருத்தம் குறையுது எண்டா இதைவிட வேற என்ன அத்தாட்சி வேணும்?

பேந்துதான் ப்ரொஜெஸ்டின், அதாவது ப்ரொஜெஸ்ட்ரோன் மாதிரி வேலை செய்யிற மருந்து, சேத்துக் குடுக்கிற வழக்கம் வந்தது. 1990களில பெப்பி எண்டு ஒரு ஆய்வு, 3 வருஷம் ஈஸ்ட்ரோஜன் மட்டும் குடிச்ச, கர்ப்பப்பை இருக்கிற பொம்பிளையளில 62 வீதமான ஆக்களுக்கு ஹைப்பர்ப்ளேசியா. ப்ரொஜெஸ்டினும் சேத்துக் குடிச்சவைக்கு வெறுங்குளிசை குடிச்சவையைப் போலத்தான். (மார்புப் புற்றுநோய் விஷயத்தில அந்தச் சேர்க்கை வேற சிக்கலைக் கொண்டு வந்தது, 2002இல பெரிய ஆய்வொண்டை அதுக்காகவே இடையில நிப்பாட்டினவை, அது வேற கதை.) இப்ப இஞ்ச சட்டம் மாதிரித்தான், கர்ப்பப்பை எடுத்தாக்களுக்கு ஈஸ்ட்ரோஜன் தனிய, கர்ப்பப்பை இருந்தா ரெண்டும். ஆனா என்ர கடைக்கு வாற எங்கட ஆக்கள் சிலர் ப்ரொஜெஸ்ட்ரோன் குளிசை குடிச்சா நித்திரை தூக்குது எண்டு அதை நிப்பாட்டிப்போட்டு ஈஸ்ட்ரோஜன் ஜெல்லை மட்டும் வடிவாப் பூசிக்கொண்டு திரியினம். படுக்கப் போகேக்க குடியுங்கோ, நித்திரை வந்தா நல்லம்தானே எண்டு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கீழ வறட்சிக்குப் பூசுற குறைஞ்ச அளவு ஈஸ்ட்ரோஜன் கிறீம் மட்டும் இதில சேராது, அது ரத்தத்தில பெரிசா ஏறாது, அதைப் பாவிக்கிற ஆக்கள் இதை வாசிச்சிட்டுப் பயந்து எறிய வேண்டாம்.

நெல்லைக்காரி86:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல. வியாழக்கிழமை பயாப்சி. அம்மா மொதல்ல "எனக்கு ஒண்ணும் இல்ல, நின்னுதான் போச்சே"ன்னு அடம் பிடிச்சாங்க, சிங்காநல்லூர் அக்கா எழுதினத அப்படியே வாசிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு அவங்களே என்ன சேலை கட்டிட்டு வரட்டும்னு கேட்டாங்க.

ராணி அக்கா, இதெல்லாம் படிச்சப்புறம் இப்ப எனக்கே பயம் வந்துடுச்சு. எனக்கு பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி) இருக்கு, பீரியட்ஸ் 3 மாசம் 4 மாசத்துக்கு ஒரு தடவைதான், ஒரு தடவை 6 மாசம் கூட வரல, வராம இருக்குறது நிம்மதின்னு விட்டுட்டேன். முட்டை வெளியானாதான் ப்ரொஜெஸ்ட்ரோன்னு சொன்னீங்களே, அப்ப எனக்கும் அறுப்புக்கு ஆள் வரலைன்னு தானே அர்த்தம்? இன்னொண்ணு, கோயில் கொடை, கல்யாணம், சபரிமலைக்கு வீட்ல மாலை போட்டிருக்காங்கன்னு பீரியட்ஸ் தள்ளிப்போக ரெஜெஸ்ட்ரோன் மாத்திரை நிறைய தடவை போட்டிருக்கேன். அதனால ஏதாவது ஆயிருக்குமா?

ஸ்லைடு_ராணி:

சரியா பிடிச்சுட்டீங்க. பிசிஓடில ஈஸ்ட்ரோஜன் ஓடிக்கிட்டே இருக்கும், முட்டை ஒழுங்கா வெளியாகாது, அதனால ப்ரொஜெஸ்ட்ரோன் வராது. அம்மாவுக்கு 59ல நடக்குறது உங்களுக்கு சின்ன வயசுலயே வேற வழியா நடக்குது. பிசிஓடி இருக்குறவங்களுக்கு இந்த கேன்சர் வர்ற வாய்ப்பு மத்தவங்களைவிட 3 மடங்கு கிட்ட. சின்ன வயசுல இது ரொம்ப அபூர்வம்ங்கிறதால 3 மடங்குன்னாலும் கம்மிதான், ஆனா 6 மாசம் வரலைன்னா நிம்மதின்னு உக்காந்திருக்கக் கூடாது. 3 மாசத்துக்கு ஒரு தடவையாவது லைனிங் உதிரணும், தானா வரலைன்னா ப்ரொஜெஸ்ட்ரோன் வகை மாத்திரை குடுத்து வர வைப்பாங்க. டாக்டர் கர்ப்பத்தடை மாத்திரை எழுதினா "எனக்கு எதுக்கு இது, கேன்சர் வரும்"னு தூக்கி எறியாதீங்க, அதுல ஈஸ்ட்ரோஜன் இருந்தாலும் கூடவே ப்ரொஜெஸ்டினும் தினம் இருக்கு. லான்செட் ஆன்காலஜில 2015ல 36 ஆய்வ சேத்து கணக்கு பாத்தாங்க, 5 வருஷம் எடுத்தா லைனிங் கேன்சர் வாய்ப்பு கால்வாசி குறையுது, நிறுத்தி 30 வருஷம் ஆனாலும் அந்த பாதுகாப்பு முழுசா போகல. ரத்தக்கட்டு, மைக்ரேன், பிரஷர் இருக்குறவங்களுக்கு ஆகாது, அதை டாக்டர் பாத்துக்குவாங்க.

ரெஜெஸ்ட்ரோன்ல இருக்குறது நோரெத்திஸ்டிரோன், அது ப்ரொஜெஸ்டின் வகை, லைனிங்குக்கு எதிரி இல்ல. கோயிலுக்குப் போக மாத்திரை போட்டதால கேன்சர் வந்துடுச்சுன்னு குத்த உணர்ச்சியோட வர்ற பொண்ணுங்கள நானே பாத்திருக்கேன், தேவையில்லாத பாரம். அந்த மாத்திரைல பாக்க வேண்டியது ரத்தக்கட்டுதான், முன்னாடி கால்ல ரத்தம் உறைஞ்சவங்க, குடும்பத்துல அப்படி இருக்குறவங்க கடைல கேட்டு வாங்கி முழுங்கக் கூடாது. எடைய 5, 6 கிலோ இறக்கினாலே நிறைய பேருக்கு பீரியட்ஸ் தானா ஒழுங்குக்கு வருது, உங்களுக்கு அம்மா உடம்புவாகுன்னா இப்பவே பாத்துக்குங்க. பிஎம்ஐ (உயரத்துக்கு ஏத்த எடைக் கணக்கு) 40ஐத் தாண்டினவங்களுக்கு இந்த கேன்சர் வாய்ப்பு 7 மடங்கு, எடையோட இவ்வளவு நெருக்கமா ஒட்டின கேன்சர் வேற எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல.

உங்க வீட்டுல, மாமா சித்தி பக்கம் சின்ன வயசுல குடல் கேன்சர், கர்ப்பப்பை கேன்சர் யாருக்காவது வந்திருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க. அது லின்ச்னு ஒரு பரம்பரைக் கோளாறு, ஈஸ்ட்ரோஜன் கணக்குல வராது.

நைட்_ட்யூட்டி:

நான் திருச்சில ஸ்டாஃப் நர்ஸ். ராணி மேடம் சொல்லாம விட்டது ஒண்ணு சொல்றேன். பயாப்சி எடுக்காமலே "வயசாயிடுச்சு, இனி எதுக்கு அது, எடுத்துப் போட்டுடலாம், இன்சூரன்ஸ் இருக்குல்ல"ன்னு கர்ப்பப்பைய எடுக்கச் சொல்ற இடங்கள் இருக்கு, எடுத்துட்டா நல்லதுதானேன்னு வீட்லயும் சரின்னுடுவாங்க. ஒத்துக்காதீங்க. ரிசல்ட் சாதாரணமா இருந்தா அந்த ஆபரேஷனே தேவைப்படாது. ரிசல்ட் கேன்சர்னா அந்த ஆபரேஷன் பத்தாது, சினைப்பை, குழாய் எல்லாம் சேத்து எடுக்கணும், நெறிகட்டுறது பாக்கணும், உள்ளயே துண்டு போட்டு எடுக்கக் கூடாது, முழுசா எடுக்கணும், கேன்சர் ஆபரேஷன் பண்ற ஆள்தான் பண்ணணும். தெரியாம எடுத்துட்டு பேத்தாலஜி ரிப்போர்ட் வந்தப்புறம் தலைல கைய வச்சுக்கிட்டு எங்ககிட்ட வந்த குடும்பங்கள் உண்டு.

வியாழக்கிழமைக்கு: சுகர் மாத்திரை காலைல போடலாமா வேண்டாமான்னு முன்னாடியே கேட்டுக்கங்க, மயக்கம் குடுத்து எடுக்குறாங்களா குடுக்காமலான்னும் கேளுங்க. மயக்கம் இல்லைன்னா பீரியட்ஸ் வலி மாதிரி சுருக்குன்னு ஒரு நிமிஷம், அவ்வளவுதான். ரத்தம் நீர்க்கிற மாத்திரை போடுறாங்கன்னா கட்டாயம் சொல்லணும். துண்டை ஃபார்மலின் டப்பால போட்டு பேர், வயசு எழுதி ஒட்டுறாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க, தப்பில்ல.

நெல்லைக்காரி86:

ரிப்போர்ட் வந்துடுச்சு. "எண்டோமெட்ரியல் ஹைப்பர்ப்ளேசியா வித்தவுட் அட்டிபியா"ன்னு இருக்கு. அட்டிபியா இல்லைங்கிற வார்த்தைய பாத்ததும் ரிசப்ஷன்லயே அழுதுட்டேன், அம்மாதான் "எழுந்திரு, எல்லாரும் பாக்காங்க"ன்னு அதட்டினாங்க. டாக்டர் மிரெனா போடலாம்னு சொல்றாங்க, அது காப்பர் டி மாதிரி பிள்ளை வேண்டாம்னு வைக்கிறது தானே, 59 வயசுல அம்மாவுக்கு எதுக்குன்னு அப்பா கேக்குறாங்க. மாத்திரையா குடுத்தா போதாதா?

ஸ்லைடு_ராணி:

அப்பாகிட்ட சொல்லுங்க, அது வெறும் காப்பர் டி இல்ல, உள்ளுக்குள்ள 52 மி.கி. லெவோனார்ஜெஸ்ட்ரல்னு ப்ரொஜெஸ்டின் வச்சிருக்கு, தினம் கொஞ்சமா, லைனிங் மேலயே நேரடியா கசியும், ரத்தத்துல ரொம்ப கம்மியாத்தான் போகும். அம்மாவுக்கு 7 வருஷமா இல்லாம போனது எதுவோ அதையே வேண்டிய இடத்துல கொண்டு போய் வைக்கிற வேலை. மாத்திரையும் குடுக்கலாம், ஆனா தினம் மறக்காம போடணும், சுகர், எடை இருக்குற ஆளுக்கு மாத்திரைய விட இதுதான் தோது. அட்டிபியா இல்லாத ஹைப்பர்ப்ளேசியா இதுல 100க்கு 90 பேருக்கு கிட்டத்தட்ட சரியாயிடுது. சும்மா விட்டாலும் 20 வருஷத்துல கேன்சரா மாறுறது 100க்கு 5க்கும் கீழ, இருந்தாலும் காரணம் அப்படியே உடம்புல இருக்கும்போது சும்மா விடுறது புத்திசாலித்தனம் இல்ல.

அட்டிபியா இருந்திருந்தா நான் வேற மாதிரி எழுதியிருப்பேன். அமெரிக்காவுல 2006ல வந்த ஆய்வுல அட்டிபியான்னு பயாப்சி வந்து கர்ப்பப்பைய எடுத்தவங்கள்ல 100க்கு 43 பேருக்கு உள்ள ஏற்கனவே கேன்சர் இருந்துச்சு, அதனால அந்த ரிப்போர்ட்டுக்கு கர்ப்பப்பைய எடுக்கத்தான் சொல்வாங்க.

மிரெனா வச்ச முதல் சில மாசம் அங்கங்க சொட்டு படலாம், அதுக்கு பயந்து எடுக்கச் சொல்லாதீங்க, டாக்டர்கிட்ட சொல்லிட்டு பொறுத்துக்கங்க. 6 மாசத்துல திரும்ப பயாப்சி, அப்புறம் இன்னொரு 6 மாசத்துல இன்னொண்ணு, ரெண்டும் தொடர்ந்து நார்மல் வரணும். அம்மா எடைக்கு அதுக்கப்புறமும் வருஷத்துக்கு ஒண்ணு பாக்கச் சொல்வாங்க. முதல் ரிப்போர்ட் நல்லா வந்ததும் நிறைய பேர் இந்த ரெண்டாவதுக்கு வர்றதே இல்ல, இப்பவே தேதிய காலண்டர்ல எழுதிப் போடுங்க. பழைய ஸ்லைடையும், திசு பதிச்ச மெழுகு பிளாக்கையும் லேப்ல கேட்டா குடுப்பாங்க, வாங்கி வச்சுக்கங்க, நாளைக்கு வேற ஆஸ்பத்திரி போனா ஒப்பிட்டுப் பாக்க அதுதான் வேணும்.